ஆயுதபூசையில் அணைத்த ஃப்ரீசர்

செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைச் சரியாகப் பிரித்துவிடும் மனிதப் புரதம் ஒன்றை, பாக்டீரியாவுக்குள் உற்பத்தி செய்து, ஒரு சின்னக் குழாயில் அடைத்து எங்கள் மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். என் பிஎச்.டி. அந்தக் குழாயை நம்பித்தான் இருந்தது. அதை ஃப்ரீசரில் உறைய வைத்துவிட்டுப் போய், ஆயுதபூசை விடுமுறை முடிந்து வந்து சோதித்தேன். புரதம் வேலையே செய்யவில்லை.

எனக்கு ஸ்டோர் பார்க்கும் உசிலம்பட்டிக்காரர்மேல்தான் சந்தேகம். எங்கள் சாமான்களை அடுத்த ஆய்வகத்துக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்குகிற ஆள். நல்லதை எடுத்துவிட்டுக் குழாயில் தண்ணீரை ஊற்றியிருப்பார் என்றே நினைத்தேன். அவருடைய அலமாரியைத் துழாவினேன். ஒன்றும் சிக்கவில்லை. நேராகவே கேட்டேன்.

"அண்ணே, ஃப்ரீசர்ல இருந்த என் குழாய யாருக்குக் குடுத்தீக?"

"நான் எதுக்கு மாப்ள தொடப்போறேன்? ஃப்ரீசருக்கு வெளியதான் சந்தனம் வச்சேன். பூசையன்னைக்கு எல்லா மிஷினுக்கும் ரெஸ்ட் விட்டு, மறுநா மறக்காமப் போட்டுவிட்டேன்."

"ஃப்ரீசரையுமா அணைச்சீக?"

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

புரதம் உருகி, கெட்டு, மறுபடி உறைந்திருக்கிறது. அடுத்த ஆய்வகத்துக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாலாவது சண்டை போட்டுத் திரும்ப வாங்கியிருப்பேன்.