பேனாவைக் கொடுத்தது நான்

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அப்போது டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில் தாதிப் படிப்பில் நான் இரண்டாம் வருடம். நாற்பத்து மூன்று வயதில் புத்தகப் பையோடு டிராமில் ஏறும் என்னைப் பார்த்து என் மகளே சிரிப்பாள். அதற்கு முன் பதினெட்டு வருடம் முதியோர் இல்லங்களில் வேலை செய்தவள் நான். தூக்கி, துடைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, முதுகு போன பிறகுதான் படிக்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது.

இந்த நாட்டில் படிப்பு என்றால் எதற்கெடுத்தாலும் குழுதான். நாலு பேர் சேர்ந்து ஒரு அறிக்கை எழுத வேண்டும், நாலு பேரும் சேர்ந்தே சோதனைக்குப் போக வேண்டும். கிழமைக்கு ஒருமுறை குழுவில் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி, எல்லாரும் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு வந்த தலைப்பு படுக்கைப்புண். என்னோடு ஒரு நெட்டைப் பையன், கண்ணாடி போட்ட ஒருத்தி, இன்னுமொரு பிள்ளை. வயதில் மூத்தவள் என்று குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த இன்னுமொரு பிள்ளையைப் பற்றித்தான் சொல்லவேண்டும். இருபத்திரண்டு வயதிருக்கும். நான் அரை மணித்தியாலம் முழிக்கிற பாடத்தை ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்துவாள். முதல் கூட்டத்தில், வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடுவோம் என்று பையன் சொன்னான். தன்னால் முடியாது என்றாள் அவள். ஏன் என்று கேட்டார்கள். தாங்கள் யூதக் குடும்பம், வெள்ளி மாலையில் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது வழக்கம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மரக்கறி நாள்தான், வியாழனில் கூடுவோமே என்று நானும் சந்தோஷமாகச் சொன்னேன். மற்ற இருவரும் தொலைபேசியில் வியாழன் என்று குறித்துக்கொண்டார்கள்.

அது காஸாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தொலைபேசியைத் திறந்தால் செத்துப்போன குழந்தைகள். நானும் பார்த்து அழுதேன். வீதியில் இறங்கி ஊர்வலம் போனவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, என் கணவரே ஒருநாள் போய்வந்தார். என் கோபம் வேறு.

அடுத்த வியாழன் கல்லூரி அறையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்காரி தன் மடிக்கணினியை மூடிவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்து, தொடங்குவதற்கு முன் இந்தப் போரில் நீ யார் பக்கம் என்று எங்களுக்குத் தெரியவேண்டும் என்றாள். தான் படுக்கைப்புண்ணைப் பற்றி எழுத வந்ததாகவும், பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஒடென்சே என்றும் அந்தப் பிள்ளை சொன்னாள். அது பதில் இல்லை என்றான் பையன். பதில் சொல்லாத ஒருத்தியோடு ஒரே அறையில் இருந்து வேலை செய்யத் தங்களால் முடியாது என்று இருவரும் சொன்னார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று மாலையே எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவளைத் தூக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கிழமைக் குறிப்பை எழுதவேண்டியவள் நான். நடந்ததை எழுதினால் வில்லங்கம் என்று பயந்தேன். இங்கே எல்லாருக்கும் பிடித்த ஒரு நாகரிகமான சொல் இருக்கிறது, 'ஒத்துழைப்புச் சிரமங்கள்' என்று. அதைப் போட்டு, அதனால் ஒருவர் குழுவிலிருந்து விலகுகிறார் என்று முடித்துவிட்டேன். அந்தப் பிள்ளையைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தேடிப்பிடித்து, கையெழுத்தைப் போட்டுவிடு, பிரச்சினை முடிந்துவிடும், வேறு நல்ல குழு கிடைக்கும் என்று என் பேனாவையும் நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வேறு குழு கிடைக்கவில்லை. எல்லாக் குழுவும் நிறைந்துவிட்டது என்றார்கள். குழு இல்லையென்றால் சோதனை இல்லை, அரை வருடம் வீணாய்ப் போய்விடும். அவள் கல்லூரியில் முறைப்பாடு செய்தாள். படிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். காரணம் என்ன தெரியுமா? நான் எழுதிய குறிப்பு. 'ஒத்துழைப்புச் சிரமங்கள் என்று நீங்களே கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், யூதர் என்பதால் ஒதுக்கினார்கள் என்று இதில் எங்கேயும் இல்லையே' என்று பதில் வந்ததாம்.

இரண்டு கிழமை கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இப்படிக் கல்லூரிகளில் ஒதுக்கப்படும் யூத மாணவர்களுக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞர் தனக்கு உதவுகிறார், நூலகத்துக்கு ஒருக்கால் வரமுடியுமா என்று கேட்டிருந்தாள். போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, சைக்கிள் தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டு என்னோடு கதைத்தார். போரைப் பற்றி யாரும் எந்தக் கருத்தும் வைத்திருக்கலாம், எந்த அரசாங்கத்தையும் திட்டலாம், அதற்கு எதிராக நான் வரவில்லை என்றார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"யார் பக்கம் என்ற கேள்வியை உங்களிடம் கேட்டார்களா?"

இல்லை என்றேன். அந்தப் பையனிடம்? இல்லை. அப்படியென்றால் நாலு பேரில் அவளிடம் மட்டும் ஏன் கேட்டார்கள் என்றார். எங்கள் வழக்கே இதுதான், ஆனால் அந்தக் குறிப்பு குறுக்கே நிற்கிறது, அதை எழுதியது யார் என்று கேட்டார். அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்றேன்.

வீட்டில் வந்து சொன்னபோது கணவருக்குப் பிடிக்கவில்லை. "உமக்கேன் இந்த வில்லங்கம்? இன்னும் ஒண்டரை வருஷம். வாயை மூடிக்கொண்டு படிப்பை முடியும்" என்றார். சோபாவில் கிடந்த மகள் தலையை நிமிர்த்தி, "ஆனா அம்மா, நீங்கள் அங்க இருந்தனீங்கள்தானே" என்று டெனிஷில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் தொலைபேசிக்குத் திரும்பிவிட்டாள்.

ஓம், நான் அங்கே இருந்தேன். அங்கே மட்டுமா? இலங்கையில், வன்னியில் போர் முடியப்போகிற மாதங்களில், என் மாமா குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாத நாட்களில், முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் கூட வேலை செய்த ஒருத்தி எல்லாருக்கும் முன்னால் என்னிடம் கேட்டாள், நீயும் அந்த ஆயுதக்காரரின் ஆள்தானா, முதலில் அதைச் சொல்லு என்று. ஒரு மாதம் நான் படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த அறையில் நின்றபடி மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். ஏன் வருவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிச் சாப்பிட்டவள்தான் இந்தக் குறிப்பை எழுதியிருக்கிறேன். மகள் அதைச் சொன்ன அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான்.

கல்லூரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அதிகாரி, வழக்கறிஞர், அந்தப் பிள்ளை, நான். அதிகாரி மென்மையான மனிதர். கோப்பி ஊற்றிக் கொடுத்தார். இது உணர்ச்சிகரமான காலம், கல்லூரி எந்தப் பக்கமும் சாய முடியாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் அதைத்தானே சொன்னாள், பக்கம் கேட்காதீர்கள், படிக்கவிடுங்கள் என்று! என் டெனிஷ் கோபத்தில் இன்னும் மோசமாகும். ஆனாலும் சொன்னேன், குறிப்பை எழுதியது நான், அதில் இருப்பது பொய் என்று.

ஆனால் எல்லாரும் கையெழுத்து வைத்திருக்கிறீர்களே என்றார் அவர்.

"பதினெட்டு வருஷம் கிழவர்களுக்குக் குறிப்பு எழுதினவள் நான். புண் நாறினால் நாறுது என்று எழுதுவோம். நோயாளிக்கும் கட்டிலுக்கும் ஒத்துழைப்புச் சிரமம் என்று எழுதமாட்டோம்" என்றேன்.

வழக்கறிஞர் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. இதை எழுத்தில் தரத் தயாரா என்று கேட்டார். பையிலிருந்து எடுத்து வைத்தேன். யார் கேட்டது, என்ன கேட்டது, அவள் சொன்ன பதில், நான் சொல்லாமல் விட்டது, எல்லாம் இரண்டு பக்கத்தில் இருந்தது.

மூன்று கிழமையில் தள்ளுபடியைத் திரும்பப் பெற்றார்கள். அவள் தனியாகச் சோதனை எழுத அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு கடிதம், 'நீங்கள் அவ்வாறு உணர்ந்திருந்தால் வருந்துகிறோம்' என்று. என்ன திமிர் பாருங்கள்! உணர்ந்தாளாம்! வழக்கறிஞர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பினார். இரண்டாவது கடிதத்தில்தான், யூதர் என்ற காரணத்தால் அவளிடம் மட்டும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, அது தவறு, கல்லூரி தடுத்திருக்கவேண்டும் என்று வந்தது. மற்ற இருவரையும் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அவர்களோடுதான் நான் சோதனைக்குப் போனேன், சித்தியடைந்தோம். இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். திரும்பட்டும்.

கூட்டம் முடிந்த அன்று அதே சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பூட்டைத் திறந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "அவர்கள் அந்தத் தாளைத் தந்திருந்தால் நான் கையெழுத்து வைத்திருக்கமாட்டேன். தந்தது நீங்கள் என்றபடியால்தான் வைத்தேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது நான் தாதி. கடமைக் குறிப்பு எழுத உட்காரும்போது எப்போதாவது ஒரு நாகரிகமான சொல் பேனா நுனிக்கு வந்துவிடும். அப்போதெல்லாம் என் முகத்தை நம்பி என் பேனாவை வாங்கிய அந்தக் கைதான் கண்முன்னே வருகிறது. அதன்பிறகு பார்த்ததைப் பார்த்தபடி அல்லாமல் வேறெதையும் எழுத எனக்குக் கை வருவதில்லை.