ஐந்து பேருக்கு ஒரே லாகின்

அந்த யார்டில் நான் வாங்கிய முதல் அறை ஒரு நோட்டுக்காக விழுந்தது.

வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் இருக்கும். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில், கண்டெய்னர்களை ஏற்றி இறக்கும் யார்டு அது. உள்ளே போகக் காத்து நிற்கிற டிரெய்லர்களின் முறையைக் கேட்டில் ஒரு நீள நோட்டில் எழுதுவார்கள். வந்த வரிசைக்கு நம்பர். டிரைவர் அந்த நம்பரைச் சாக்பீஸால் தன் வண்டி பம்பரில் எழுதிக்கொள்வார். கப்பலுக்குக் கண்டெய்னரைச் சேர்க்க ஒரு கெடு உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் வரும்வரை வெயிலில் கிடக்க வேண்டியதுதான். முறைக்காக ஒருவன் பல் உடைவதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன்.

நோட்டு வேண்டாம், கேட்டிலும் ஆபீசிலும் ஒரே நேரத்தில் பார்க்கிற மாதிரி ஷீட்டை கிளவுடில் போட்டுவிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னது நான்தான். அவர் நேரே கேட்டுக்குப் போய் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே கேட் அண்ணாச்சி மாடியேறி வந்தார். கடற்கரை ஊர்க்காரர், நாற்பது வயது இருக்கும். சங்கு குளித்ததில் இடது காது போய், கடலை விட்டுவிட்டு இங்கே கேட் கிளார்க்காக வந்தவர். காது கேட்காதவர் பேசுகிற சத்தத்தில்தான் எல்லாம் பேசுவார்.

"எவம்லே அந்தக் கம்ப்யூட்டரு?" என்றார். நான் எழுந்து நின்றேன். கன்னத்தில் விழுந்தது. காது கொய்ங் என்றது.

"நோட்டுல அடிச்சித் திருத்துனா தடம் கெடக்கும். ஒன் பெட்டிக்குள்ள எவன் அழிச்சாம்னு எப்படிலே தெரியும், மூதி?"

"தெரியும் அண்ணாச்சி," என்றேன், கன்னத்தைப் பிடித்தபடி. "யாரு எந்த நிமிஷம் எத மாத்துனாங்கன்னு அதுவே எழுதி வச்சிக்கிடும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். அந்த அறையை நான் மறக்கவில்லை. மறக்காமல் வைத்திருந்தேன் என்பதுதான் சரி.

அடி எனக்குப் புதிதில்லை. அப்பாவும் அம்மாவும் ஆத்தூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்ற ஒரு நாள் அப்பா மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் போட்ட போடு இன்னும் மழைக்கு வலிக்கும். படிப்பு என் உடம்பில் அடியாகத்தான் ஏறியது. அதனால் கற்றுக்கொண்ட எதையும் விடமாட்டேன். அந்த மென்பொருளையும் அப்படித்தான் பிடித்தேன்.

அதைப் பிடிப்பது லேசில்லை. நேற்று இடது பக்கம் இருந்த பட்டன் இன்று வலது பக்கம் இருக்கும். சாட் தனியாக இருந்தது, ஒரு திங்கட்கிழமை ஷீட்டோடு சேர்ந்துவிட்டது. ஒரு தடவை ஃபோல்டர்கள் எல்லாம் வேறு பெயரில் வேறு இடத்துக்குப் போயிருந்தன. காணோம் என்ற ஆத்திரத்தில் மேனேஜர் பஞ்சிங் மெஷினை எடுத்து எறிந்தார். அது என் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கீபோர்டில் சொட்டச் சொட்ட நான் ஃபோல்டரைத் தேடிக் கொடுத்தேன். அமெரிக்காவில் எவனோ பட்டனை மாற்றினால் இங்கே என்னை அடிப்பார்கள். அதனால், அப்டேட் வரும்போதெல்லாம் என்ன புதிது என்று வரும் குறிப்பை ஒரு வரி விடாமல் படிப்பேன். காலை பஸ்ஸில் ஃபோனில் அகராதி வைத்துக்கொண்டு படிப்பேன். ஆபீஸ் போய் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பேன். அண்ணாச்சிக்கும்தான். "ஸ்க்ரீன்ல என்ன இருக்கோ அதான் முறை அண்ணாச்சி. நீங்க யாருக்கும் பதில் சொல்லாண்டாம்." அவர் ஆறு மாதத்தில் அதை நம்பிவிட்டார். கேட்டுக்கு வெளியே ஒரு டிவியை மாட்டி ஷீட்டைக் காட்டினோம். சாக்பீஸ் நின்றுபோனது.

ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் செய்ததை எந்தக் குறிப்பும் ஒத்துக்கொள்ளாது. கேட்டிலும் ஆபீசிலுமாக எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே லாகின். முதன்முதலில் கணக்கைத் திறந்தபோது மேனேஜர் அண்ணாச்சியின் பெயரையும் ஃபோன் நம்பரையும் கொடுத்துவிட்டார். எந்நேரமும் இருக்கிற ஆள் அவர்தானே. பிறகு எல்லாரும் அதற்குள்ளேயே போனோம். மாடியிலிருந்து "அண்ணாச்சி, ஓடிபி!" என்று கத்துவோம். அவர் யார்டு மைக்கில் ஆறு எண்ணையும் உலகத்துக்கே கேட்கிற மாதிரி சொல்வார். டிரைவர்கள் கூடவே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். தனித்தனி லாகின் வேண்டும் என்று ஒரு தடவை மேனேஜரிடம் சொன்னேன். "ஓடுதுல்லா? ஓடுறத நோண்டாத தம்பி," என்றார். நான் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நாலு மணிக்குக் கெடு. வெளியே நாற்பது வண்டிக்கு மேல் நின்றன. மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு கம்பெனியின் கண்டெய்னர்கள் மேலே வருகிற மாதிரி அடுக்கிக் காட்டு என்று மேனேஜர் என் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஷீட்டைத் திறந்தேன். நடுவில் ஒரு கட்டம் எழும்பியது. அப்டேட் வந்திருக்கிறது, இன்னின்ன மாறியிருக்கிறது, புரிந்ததா என்று கேட்டது.

"அது என்ன எழவு? மூடுலே அத!" என்றார் மேனேஜர்.

புரிந்தது என்று அழுத்தினேன். படிக்கவில்லை. நான் படிக்காமல் அழுத்தியது அது ஒன்றுதான்.

அதற்கு முன்பெல்லாம் ஷீட்டை வேறு வரிசையில் அடுக்கினால், உனக்கு மட்டும் காட்டவா, எல்லாருக்கும் மாற்றவா என்று கேட்கும். அன்று கேட்கவில்லை, அதனால் எனக்கு மட்டும்தான் மாறும் என்று நினைத்துவிட்டேன். அந்த அப்டேட்டில் கேட்பதை எடுத்துவிட்டார்கள். அடுக்கினால் எல்லாருக்கும் மாறும். அந்தக் கட்டத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். நான் அடுக்கினேன். கீழே டிவியிலும் வரிசை மாறியது.

முதலில் நின்றது ஒரு கயத்தாறு டிரைவர். இரண்டு நாளாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். டிவியில் அவர் வண்டி இருபத்தொன்பதாவதாக இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் வந்த ஒரு வண்டி முதலில் இருந்தது. அண்ணாச்சி ஸ்க்ரீனைப் பார்த்து மைக்கில் அந்த வண்டியைக் கூப்பிட்டார்.

"ஏலே, என் முறைய எங்கன ஒளிச்ச?" என்று கயத்தாறு டிரைவர் கத்துவது மாடிக்குக் கேட்டது.

"ஸ்க்ரீன்ல இருக்கது அதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளு!"

அதை அவர் வாயில் வைத்தது நான்.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிரைவர் வண்டிக்குப் போய் வீல் ஸ்பேனரோடு திரும்பி வந்தார். அண்ணாச்சியின் இடது பக்கமாக வந்தார், செவிட்டுக் காதுப் பக்கம். சுற்றி இருந்தவர்கள் கத்தியும் அண்ணாச்சி திரும்பவில்லை. முழங்கைக்கு மேலே விழுந்தது முதல் அடி. கை தோளிலிருந்து வேறு திசையில் தொங்கியது. அவர் கத்தவில்லை, உட்கார்ந்தார். இரண்டாவது விலாவில். பிறகு உதை. வேறு டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள், இரண்டு நாள் வெயிலை எல்லாம் செருப்புக் காலில் இறக்கினார்கள். யார்டு ஆட்கள் கண்டெய்னரைப் பூட்டும் இரும்புக் கம்பிகளோடு ஓடினார்கள். ஒரு கம்பி கயத்தாறு டிரைவரின் மண்டையைப் பிளந்தது.

முதல் அடி விழுந்தபோது எனக்குள் ஒன்று, வாங்கு, என்றது. என் கன்னத்தில் விழுந்ததற்கு வாங்கு. ஒரு நொடிதான். ஆனாலும் சொன்னது.

அடுத்த நொடி டிவியைப் பார்த்தேன், என் ஸ்க்ரீனைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. நான் கீழே ஓடியிருக்க வேண்டும். மைக்கில் கத்தியிருக்க வேண்டும். நான் செய்தது, மவுசைப் பிடித்து, வரிசையைப் பழையபடி திருப்பியதுதான். டிவியில் கயத்தாறு வண்டி மறுபடி முதலில் வந்து நின்றது. அதைப் பார்க்க அங்கே யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலையில் யார்டுக்குப் போனால் வரிசையில் நின்ற அத்தனை வண்டி பம்பரிலும் சாக்பீஸ் நம்பர். டிவி கல்லெறிபட்டு நொறுங்கிக் கிடந்தது. கேட் தரையில் ரத்தத்தின் மேல் யாரோ உப்பை அள்ளிப் போட்டிருந்தார்கள். பக்கத்து லாரியில் ஏற்றியிருந்த உப்பாக இருக்கும். அது பழுப்பாகி இறுகியிருந்தது.

மாடியில் மேனேஜர், லாரிக்காரர் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர், கூடவே நாலு டிரைவர்கள்.

"தம்பி, நீதான் சொல்லுவியே, அதுவே எழுதி வச்சிக்கிடும்னு," என்றார் மேனேஜர். "எடு. யாரு மாத்துனான்னு காட்டு."

எடுத்தேன். இரண்டு பத்துக்கு வரிசை மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டு பதினாறுக்குத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் அண்ணாச்சியின் பெயர்.

"பாத்தியளா!" என்றார் ஒரு டிரைவர். "வேண்டியவன உள்ள விட்டுட்டு, தடத்தையும் மறைச்சிருக்கான். களவாணிப் பய. ஆஸ்பத்திரிலதான கெடக்கான்? மத்தக் கையையும் முறிச்சிட்டு வாரோம்."

"நீங்க ஒண்ணும் செய்யாண்டாம், இன்னையோட அவனுக்கு வேலை இல்ல," என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பினார். "லெட்டர் அடி."

அடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். தேதி போட்டு, முறையில் மோசடி செய்ததால் என்பது வரை அடித்தேன். இந்த வேலை கிடைத்ததை என் அம்மா ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். ஐந்து பேரில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம், என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஸ்க்ரீனின் பாதியில் லெட்டர், மறுபாதியில் அந்த இரண்டு வரி. இரண்டு பத்து. இரண்டு பதினாறு.

இரண்டு டிரைவர்கள் இறங்கிப் போய்க் கீழே வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குத்தான்.

"ரெண்டு பதினாறுக்கு அவரு தரையில கெடந்தாரு," என்றேன்.

"என்னது?"

"கேட் கேமராவப் பாருங்க சார். ரெண்டு பதினாறுக்குக் கை முறிஞ்சி கெடந்தாரு. எந்தக் கையால மாத்துவாரு? மாத்துனது நாந்தான். ரெண்டு தடவையும் நாந்தான். லாகின்தான் அவரு பேருல இருக்கு."

மேனேஜரின் கைதான் முதலில் வந்தது. அதை எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது, நாற்காலியோடு பின்னால் இழுக்கப்பட்டது. தலை ஃபைல் அலமாரியில் மோதியது. யாருடைய முழங்கால் என் வயிற்றில் ஏறியது என்று தெரியாது. வாய்க்குள் பல் துண்டு ஒன்று உருண்டது. "ஒன் ஒத்தக் கிளிக்குக்காலே ரெண்டு பேரு ஆஸ்பத்திரில கெடக்கான்!" என்று ஒவ்வொரு உதைக்கும் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சங்கத்துப் பெரியவர்தான் கத்தி நிறுத்தினார். "போதும்லே! செத்துக்கித்துப் போயிரப் போறான்." ஜன்னலுக்குப் போய்க் கீழே கிளம்பின வண்டியை நிற்கச் சொன்னார். வண்டி நின்றது. எனக்கு அது போதும்.

"நாளைக்கி இந்தப் பக்கம் வந்த, காலு இருக்காது," என்றார் மேனேஜர். முறிந்த கைக்கும் பிளந்த மண்டைக்கும் நடுவில் அவருக்கு இன்னொரு கவலை. "அதுக்கு முன்னால அந்த ஷீட்ட எப்படி ஓட்டணும்னு இவனுக்குச் சொல்லிக் குடு." பக்கத்து மேசை ஆளைக் காட்டினார். ரத்தத்தை விழுங்கிக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன்.

அங்கிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு வார்டில் அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை தோள்வரை மாவுக்கட்டு. முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வலது காதுப் பக்கமாகப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். படிக்காமல் அழுத்தியது, அடுக்கியது, திருப்பியது, பாதி லெட்டர் அடித்தது வரைக்கும். முதல் அடியில் எனக்குள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"இங்கன வா," என்றார்.

குனிந்தேன். நல்ல கையால் ஓங்கி ஒன்று விட்டார். உடைந்த பல் இருந்த பக்கம். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏற்கனவே வாங்கிட்டுத்தான் வாரியா?" என்றார், என் வாயைப் பார்த்து.

"ஆமா அண்ணாச்சி."

"எவ்வளவு?"

"நல்லா."

இரும்பு ஸ்டூல் மேல் அவர் ஃபோன் அதிர்ந்தது. எட்டி எடுக்கப் பார்த்தார், விலா இழுத்தது. நான் எடுத்துக் காட்டினேன். ஆறு எண்.

"என்னல அது?"

"ஓடிபி அண்ணாச்சி. ஆபீஸ்ல யாரோ உங்க பேருல உள்ள போகப் பாக்காங்க."

ஃபோன் அடித்தது. மேனேஜர் நம்பர், அந்த எண்ணைக் கேட்கத்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி ஆறு எண், இந்தத் தடவை வேறு. மறுபடி அடித்தது.

"எடுக்கவா?"

"வையி அங்கன."

ஸ்டூலில் வைத்தேன். அது அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்துகொண்டே வந்தது. விழப்போகிறதே என்று கையை நீட்டினேன். அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்கிற அளவுக்கு இறுக்கி, அப்படியே வைத்துக்கொண்டார்.