நாலாவது ஓட்டு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். சிதம்பரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருமுறை எவனோ என் கடை வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டுப் போனான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் பதறினார்கள், நான் அதில் நல்லதாக ரெண்டைப் பொறுக்கிக் கழுவி ஜூஸ் போட்டுக் குடித்தேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாமல் சிரிக்கலாம், வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். ஆனால் என் முகத்துக்கு நேராகச் சிரித்துவிடாதீர்கள், நான் இப்போது இருக்கிற கோபத்தில் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

போனில் ஒரு வாய்ஸ் சாட் ஆப். யார் வேண்டுமானாலும் அதில் ஒரு ரூம் திறக்கலாம், நாலு பேர் உள்ளே வந்து பேசலாம், பேசிக்கொண்டே அதற்குள்ளேயே இருக்கும் லூடோ, கேரம் என்று விளையாடலாம். மதியத்துக்கு மேல் கோர்ட் அடங்கிவிட்டால் என் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான், அதனால் நானும் ஒரு ரூம் திறந்தேன். கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு மட்டும் என்று போட்டேன். நிறைய பேர் வந்தார்கள், போனார்கள், கடைசியில் நிலைத்தது ஐந்து பேர். நான், எல்லோருக்கும் கலைக்கா. லால்பேட்டை யாசீன், சவுதியில் ஒரு மளிகைக் கடையில் வேலை, வெள்ளிக்கிழமை லீவு. கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கும் ஜெனிபர். பிச்சாவரத்தில் டூரிஸ்டுகளுக்குப் படகு ஓட்டும் கிள்ளை ரவி. அப்புறம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பையன், லோடு ஆட்டோவில் மீன் கம்பெனிகளுக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவன். ஆப்பில் அவன் வைத்திருந்த பெயர் ‘ஐஸ்பெட்டி’. அவன் சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்றால் நான் போட்ட சட்டம் அது. ஆரம்பத்தில் ஒருத்தன் ஜெனிபரின் நம்பரைக் கேட்டுத் தொல்லை கொடுத்தான். அவனை விரட்டிவிட்டு, இந்த ரூமில் யாரும் யாரிடமும் நம்பர் கேட்கக் கூடாது, சொந்தப் பெயர் கேட்கக் கூடாது, முகம் காட்டக் கூடாது என்று மேலே எழுதிப் போட்டேன். பெண்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் போட்டேன். ஒரு வருஷம் வாரா வாரம் ஒன்றாக விளையாடியிருக்கிறோம், ஒருத்தர் இருமினால் யார் என்று சொல்லிவிடுவோம், ஆனால் ஆபத்து என்றால் கூப்பிட ஒருத்தரிடமும் ஒரு நம்பர் கிடையாது. அந்தச் சட்டத்தை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்களுக்குப் பிடித்தது படம் வரைகிற ஆட்டம். ஆப் ஒருத்தருக்கு மட்டும் ஒரு வார்த்தை கொடுக்கும், அவர் விரலால் அதை வரைய வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றரைக்குப் புதுச்சேரி ரூம் ஒன்றுடன் போட்டி. தொடர்ந்து நாலு வாரம் தோற்றிருந்தோம். அந்த ரூமை நடத்துகிற ஆள் ஒவ்வொரு வாரமும் வந்து, ‘கடலூர்க்காரங்களுக்குக் கண்ணு தெரியலயா’ என்று எழுதிவிட்டுப் போவான். எனக்கு அது தாங்கவில்லை. நாற்பத்து நாலு வயசில் இதற்கா ரத்தம் கொதிக்கும் என்று கேட்காதீர்கள், கொதித்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஐஸ்பெட்டி சரியான நேரத்துக்கு உள்ளே வந்தான். வந்தவன் வணக்கம் கூடச் சொல்லவில்லை, மைக் அணைந்தே இருந்தது. அவன் வாய் ஓயாதவன், வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவான், ஹாரன் சத்தம், லாரி சத்தம் எல்லாம் எங்கள் காதில்தான் விழும். அதற்கு முந்தின வாரம்தான், “மைக்க அணைச்சித் தொலைடா, ஒன் ஒருத்தனாலதான் தோக்கிறோம்” என்று நான் கத்தியிருந்தேன். அதனால் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறான் என்று நினைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் முறை வந்தது. நீளமாக ஒரு கோடு போட்டான். அதற்குக் கீழே மூன்று அரை வட்டம், அதற்கும் கீழே தண்ணீர் மாதிரி நெளி நெளியாக. ஓரத்தில் சாய்ந்தபடி ஒரு கம்பம். அப்புறம் முதல் அரை வட்டத்துக்கு அடியில் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்திலேயே விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டே இருந்தான். ஜெனிபர் பாலம் என்றாள், யாசீன் ரயில் என்றான், நான் பல் செட் என்றேன், எதுவும் இல்லை. நேரம் முடிந்ததும் ஆப் விடையைக் காட்டியது. தேங்காய்! தேங்காய்க்கு எவனாவது இப்படி வரைவானா?

அடுத்த சுற்றில் அவன் முறை வந்ததும் அதே படம். அதே கோடு, அதே மூன்று அரை வட்டம், அதே புள்ளி. விடை குடை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

அப்போது ரவி சொன்னான், “யக்கா, இது எங்கூரு மூணு கண்ணு மதகு மாரியே இருக்குதுக்கா. அந்தச் சாஞ்ச கம்பம் கூட அப்பிடியே இருக்குது.”

“நீ வேற ஏன்டா, வாய மூடிக்கினு ஆட்டத்தப் பாரு” என்றேன் நான். இதை நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது முறையும் அதே படத்தை வரைந்தான். புதுச்சேரிக்காரர்கள் எங்களைத் தாண்டிவிட்டார்கள். அவன் வேண்டுமென்றே, போன வாரம் திட்டினதுக்குப் பழிவாங்குகிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஆட்டம் நடக்கும்போது ரூமின் சொந்தக்காரி நினைத்தால்கூட ஒருத்தரைத் தனியாக வெளியே தள்ள முடியாது, ஓட்டெடுப்பு வைக்க வேண்டும். ஐந்து பேர் இருந்தால் நாலு ஓட்டு விழ வேண்டும். யார் போட்டார்கள் என்று ரூமில் காட்டாது. நான் ஓட்டெடுப்பை வைத்துவிட்டு, “எல்லாரும் ஆமான்னு போடுங்க, தள்ளிட்டு வெளாடலாம்” என்றேன். மூன்று ஓட்டு சட்டென்று விழுந்துவிட்டது. நாலாவது ஓட்டு விழக் கொஞ்சம் இழுத்தது. அப்புறம் அதுவும் விழுந்தது, அவன் படம் திரையிலிருந்து மறைந்தது. மிச்சம் நாலு பேரும் விளையாடி ஜெயித்தோம். கடையில் உட்கார்ந்தபடி கை தட்டினேன், வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு ஆறு மணிக்கு ரூமில் ரவியின் குரல் பதிவு வந்தது. “மனசு கேக்கலக்கா, படகக் கட்டிட்டு மதகாண்ட போய்ப் பாத்தேன். கோரைக்குள்ள ஐஸ் வண்டி ஒண்ணு கவுந்து கெடக்குதுக்கா. மொதக் கண்ணுக்கு அடியில ஒரு பையன். ஒடம்புல சூடு கூட ஆறலக்கா. நூத்தியெட்டுக்குப் போன் அடிச்சேன், அவுங்க வந்து பாத்துட்டு முடிஞ்சிடுச்சின்னுட்டாங்க.”

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணவறைக்கு வெளியே ஒல்லியாக ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான், குரலை வைத்துத்தான் ரவி என்று தெரிந்தது. பக்கத்தில் இறந்தவனின் அண்ணன். தம்பி பெயர் தினேஷ் என்று அவர் சொல்லித்தான் தெரியும். நான் யார் என்று சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் கலைக்காவா? வூட்டுல எப்பப் பாத்தாலும் ஒங்க பேச்சுதாங்க. வெள்ளிக்கெழமன்னா சோறு கூட எறங்காது அவனுக்கு.”

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். ஏழு, ஏழரைக்குள் வண்டி கவிழ்ந்திருக்க வேண்டும். மேலே ரோட்டில் எத்தனையோ வண்டி போயிருக்கும், கோரை மறைத்துவிட்டதால் ஒருத்தரும் பார்க்கவில்லை. ஐந்தரைக்கு ரவி பார்த்தபோது உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அதாவது நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது அவன் உயிரோடு இருந்தான். ஆகையால் பேய் கீய் என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். உயிரோடு இருந்தவன் உதவி கேட்டிருக்கிறான், நாங்கள் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறோம்.

அப்படியென்றால் இடுக்கில் கிடந்தபடி போனில் வரைந்திருக்கிறான், இதில் என்ன அதிசயம் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணனிடம் போன் கிடைத்ததா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “போன் வூட்டுலதாங்க கெடக்குது. வியாழக்கெழமையே ஐஸ் தண்ணியில வுழுந்து செத்துப்போச்சி. ஈரம் போவட்டும்னு அவனே அரிசி டப்பாவுல பொதைச்சி வெச்சிருந்தான். இன்னும் அதுலதாங்க இருக்குது” என்றார். வேறு போன் அவனுக்குக் கிடையாது. அவன் கணக்கை வேறு யாராவது திறந்திருப்பார்களோ என்று துருவித் துருவிக் கேட்டேன். அந்த வீட்டில் மிச்சம் இருக்கிறவர்கள் வைத்திருப்பது எல்லாம் பட்டன் போன்.

இதற்கு எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும், அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். எல்லாவற்றையும் ரவி மேல் கொட்டினேன். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. ஐந்து பேரில் தினேஷைத் தவிர்த்து நாலு பேர், நாலு ஓட்டு. நான் போட்டதை ஒப்புக்கொண்டேன். யாசீன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான், ஜெனிபரும் ஒப்புக்கொண்டாள். ரவி மட்டும், “சத்தியமா நான் போடலக்கா, எம் புள்ள மேல சத்தியம்” என்றான். போடாமல் எப்படி நாலு விழும்? மதகை அடையாளம் கண்டவனே இவன்தான், இடம் தெரிந்தும் ஓட்டுப் போட்டுவிட்டு இப்போது பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் வேறு செய்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூமில் எல்லோர் எதிரிலும் அவனைக் கொலைகாரன் என்று சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அவன் ரூமை விட்டு வெளியேறினான், நான் அவனை பிளாக் செய்தேன், ரூமே கலைந்துபோனது.

மூன்று மாசம் கழித்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அவன் பொய்யை அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் என்று ஆசை. போனில் காட்டாததைக் கம்ப்யூட்டரில் ரூம் சொந்தக்காரருக்குக் காட்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் உள்ளே போனேன். பழைய ஆட்டம் எல்லாம் வரிசையாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையின் ஓட்டெடுப்பைத் திறந்து, ரவிக்குக் கொடுக்கலாம் என்று படிக்காமலே பிரிண்ட் போட்டேன். தாள் வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன்.

கலைக்கா. யாசீன். ஜெனிபர். ஐஸ்பெட்டி.

ரவி பெயருக்கு நேராக, ஓட்டுப் போடவில்லை என்று இருந்தது.

உடனே பஸ் ஏறிக் கிள்ளைக்குப் போய் ரவியின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீங்க திட்டுனது கூடப் பரவால்லக்கா. இவன் எதுக்குக்கா போட்டான்?” என்று என்னைக் கேட்டான்.

யாரை வெளியே தள்ள ஓட்டு நடக்கிறதோ அவருக்கு ஓட்டுப் போடும் பட்டனே வராது. நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், நான் சோதித்தே பார்த்தேன். ரெண்டு போன் வைத்து, யாசீனையும் ஜெனிபரையும் ரவியையும் கூப்பிட்டு, என்னையே தள்ளச் சொல்லிப் பார்த்தேன். என் திரையில் பட்டன் வரவே இல்லை. ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், எங்களுடன் இணைந்திருப்பதற்கு நன்றி என்று பதில் வந்தது. நாசமாய்ப் போக.

அந்தத் தாள் இப்போதும் கடை மேஜை டிராயரில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஓட்டு விழுந்த நேரமும் அதில் இருக்கிறது. ஓட்டெடுப்புக்கு முப்பது வினாடி அவகாசம், அதற்குள் நாலு விழாவிட்டால் ஆளைத் தள்ள முடியாது. நாங்கள் மூன்று பேரும் முதல் ஐந்து வினாடிக்குள் அழுத்தியிருக்கிறோம். அவன் ஓட்டு இருபத்தொன்பதாவது வினாடியில் விழுந்திருக்கிறது. இன்னும் ஒரு வினாடி சும்மா இருந்திருந்தால் ரூமிலேயே இருந்திருப்பான், இன்னொரு முறை வரைந்திருப்பான். இடையில் இருந்த அந்த இருபத்து நாலு வினாடியும் அவன் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அப்போது மைக்கில் பேசிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். “இன்னும் போவலையா அவன்?” என்று கேட்டேன்.