டைகருக்கு ஒரு பிலாக்கணம்

கோவிந்தராஜுலு வாத்தியாருக்கு நான்கு வருஷம் ஆர்மோனியம் வாசித்தவன் நான். கோயமுத்தூரில் நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டுக் கட்டுவது அவர் தொழில். மகாகவி என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் கொடுத்தால் யாரையும் இந்திரன் என்று பாடிவிடுவார்.

1934இல் சூலூர்ப் பக்கத்தில் நஞ்சுண்டன் என்ற பண்ணைக்காரரின் நாய் செத்துப்போனது. ஊட்டியில் ஒரு துரையிடம் வாங்கிய நாய். டைகர் என்று பெயர். அதற்குத் தோப்பில் சமாதி கட்டி, பதினாறாம் நாள் காரியமும் வைத்தார். அவருடைய தகப்பனார் காரியத்துக்குக்கூட அத்தனை பெரிய பந்தல் இல்லை. பிலாக்கணம் பாட வாத்தியாரைக் கூப்பிட்டார்கள்.

பாட்டைக் கட்டி முடித்ததும், கம்பெனி நடிகை கனகத்தைப் பாடச் சொன்னார். மேடையில் அவள் அழுதால் கொட்டகையே அழும்.

"ராஜா செத்தா நான் அழுவனுங்க. நாய்க்கு அழுவறதுக்கு நீங்களே போதுமுங்க வாத்தியாரே" என்றாள்.

ஆகவே அவரே பாடினார். காலை வெயில், பந்தல் நிறைய ஜனம்.

"ஊட்டி மலையினிலே உதிச்ச முத்தே டைகர்ராசா,
பிஸ்கோத்துத் தின்ன வாயில் பிடிமண்ணு விழலாச்சே."

பண்ணைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை துடைத்தார். பிறகு பந்தலில் எல்லோருக்குமே கண் கலங்கிவிட்டது.

தோட்டத்தில் களை எடுக்கும் பழனியாத்தாள் மட்டும் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, அந்த நாய் கடிச்சுத்தானுங்க எங்கூட்டுக்காரரு கால் வெளங்காமக் கெடக்கறாரு. ஆறு மாசமாச்சுங்க. அவருக்கும் ஒரு பாட்டுக் கட்டித் தருவீங்களா?"

என் விரல்கள் நின்றுவிட்டன. வாத்தியார் பண்ணைக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த சரணம்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் வாசித்தேன்.

மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புருஷனை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெருந்துறையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாய்க்கு அழ மாட்டேன் என்ற கனகமும், இதைக் கேள்விப்பட்டுக் கம்பெனியை விட்டு விலகினாள்.

வாத்தியாருக்கோ யோகம் அடித்தது. அந்தப் பாட்டு கிராமபோன் பிளேட்டாக வந்தது. நடுநடுவே குரைப்பதற்குத் தனியாக ஓர் ஆள். காப்பிக் கிளப்புகளில் காலையிலிருந்து அதுதான். வாசலில் வந்து நிற்கும் நாயைக் கல்லால் அடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, பிளேட்டு நாய்க்காக உருகினார்கள். அடுத்து கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பணக்கார அம்மாளின் பூனைக்குத் தாலாட்டு. அதற்கும் கூட்டம். 'ஜீவகாருண்ய கவி' என்று அச்சடித்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் நீட்டினார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "அன்னைக்குப் பந்தல்ல ஒரு அம்மா பாட்டுக் கேட்டாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

கொஞ்சம் யோசித்தார். நடிப்பு இல்லை, நிஜமாகவே யோசித்தார்.

"எந்த அம்மா?" என்றார்.

அதற்கப்புறம் நான் அவருக்கு வாசிக்கவில்லை.