கம்பிக்குள் கிடந்த விரால்

எந்த இடத்தில் மீன் கிடைக்காதோ அந்த இடத்துக்குத்தான் எங்கள் அப்பா ஞாயிறுதோறும் மீன் பிடிக்கப் போவார். கூடவே என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

அல்வாலைத் தாண்டி ஒரு செருவு. எங்கள் ஊரில் ஏரியைத் தெலுங்கில் செருவு என்றுதான் சொல்லுவோம். அதில் மற்ற கரைகளெல்லாம் நல்ல கரைகள். புழுவைக் கோத்துப் போட்டால் ஜிலேபி மீன் தானே வந்து மாட்டும். அப்பா உட்காரும் கரை மட்டும் விநாயகர் சிலைகளைக் கரைக்கிற கரை. வருஷா வருஷம் களிமண் கரையும், வர்ணம் கரையும், உள்ளே வைத்துக் கட்டிய இரும்புக் கம்பி கரையுமா? கிரேன் வைத்து எடுத்தது போக மிச்சமெல்லாம் தண்ணீருக்கடியில் முள்வேலி மாதிரி கிடக்கும். தூண்டிலைப் போட்டால் மீனுக்கு முன்னால் பிள்ளையாரின் இடுப்புக் கம்பி மாட்டும். அப்பா தூண்டில் முள்ளை அறுத்துவிட்டு வேறு கட்டுவார், அதுவும் போய் மாட்டும்.

அந்தக் கம்பிக் காட்டுக்குள் விரால் இருக்கிறது, அதுவும் கிழட்டு விரால், தொடை தண்டிக்கு இருக்கும் என்பது அப்பாவின் கட்சி. எப்போதோ ஒருமுறை சிறியதாக ஒன்று மாட்டியதும் உண்டு. விரால் குழம்பு என்றால் அம்மா உயிரை விடுவாள். ஆனாலும் அந்த ஒன்றை நம்பியா ஒரு மனுஷர் இத்தனை ஞாயிறுகளைத் தொலைப்பார்? எதிர்க்கரையில் லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் வாளி நிறைய மீனை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். “கைக்கு உதர் பைட்தே சாப்? இதர் ஆவ்!” என்று தன் பக்கம் வரச் சொல்லிக் கத்துவார். அப்பா சிரித்துக்கொண்டே, “நக்கோ பாய், நக்கோ” என்று வேண்டாமெனக் கையசைப்பார்.

எங்கள் கரையில் இன்னொரு பைத்தியமும் உட்கார்ந்திருக்கும். அது என் மாமா, அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் நான்தான். அப்போது எனக்கு மூன்று மாதம். அப்பா வீட்டார் புராட்டஸ்டண்ட், அம்மா வீட்டார் கத்தோலிக்கர். அப்பாவும் மாமாவும் அதற்கு முன்பிருந்தே தூண்டில் சிநேகிதர்கள். அந்தக் கரையில் உட்கார்ந்துதான் மாமா தன் தங்கையை அப்பாவுக்குப் பேசி முடித்தார். வீட்டில் அத்தனை பேரும் எதிர்த்து நிற்க, ஒற்றை ஆளாய் நின்று கல்யாணத்தை நடத்தினார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். முதல் பிள்ளைக்குத் தங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், தானே ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். அப்பா சரி என்று கையடித்துக் கொடுத்தார். பிள்ளை பிறந்ததும் தன் வீட்டாரின் நச்சரிப்பு தாங்க முடியாமல், மாமாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், தங்கள் சபையிலேயே எனக்குத் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்துவிட்டார். மாமா எனக்கென்று வெள்ளைக் கவுனும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துக் காத்திருந்தாராம். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலை மாமா மிதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் அம்மா கேக்கை வெட்டாமல் மத்தியானம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு வெட்டுவாள், தான் மட்டும் சாப்பிடமாட்டாள்.

பேச்சு நின்றதே தவிர மீன் பிடிப்பு நிற்கவில்லை. மாமா காலைப் பூசை முடிந்ததும் செருவுக்கு வந்துவிடுவார். எங்கள் ஆராதனை முடிய நேரமாகும். பிரசங்கம் நீண்டால் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக் காலை ஆட்ட ஆரம்பிப்பார். நாங்கள் போய்ச் சேரும்போது வேப்பமர நிழலில் இருக்கும் நல்ல கல் காலியாக இருக்கும். மாமா கொஞ்சம் தள்ளி, மொட்டை வெயிலில், கூரான கல் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். முதலில் வந்தவருக்கு நல்ல கல்லில் உட்காரத் தெரியவில்லையே, நம்ம மாமா சரியான மக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

இருவருக்கும் நடுவில் தபால் வேலை எனக்கு. பத்து வயதில் அதைப் பெரிய உத்தியோகமாக நினைத்திருந்தேன். மாமா எதிரே இருக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “ஏட்டி, அந்த மகராசன் இன்னும் புழுவத்தான் கோத்துக்கிட்டு இருக்காரா? விரால் தவளைக்குத்தான் வரும்னு சொல்லு” என்பார். நான் ஓடி வந்து மகராசனை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்வேன். “வருஷக்கணக்கா தவளை போட்டவர் என்னத்தப் பிடிச்சாருன்னு கேளு” என்பார் அப்பா. அதிலும் பாதியை நான் விழுங்கிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இந்தியும் பேசிப் பேசி என் தமிழே கிச்சடி. அதில் சண்டையும் கலந்தால் யார் சுமப்பது? அம்மா கட்டிக் கொடுக்கும் புளிச்சோறு எங்கள் இருவருக்கு எப்போதும் அதிகம். “மீந்தா மாமாவுக்குக் கொடு” என்பாள். மீதமாகாத நாளே இல்லை. மாமா ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, “உப்புக் கம்மி” என்று சொல்லி டப்பாவைக் கழுவிக் கொடுப்பார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிறு, தவக்காலம் என்று ஞாபகம், அப்பாவின் தூண்டில் வில்லாக வளைந்தது. கம்பியில்தான் மாட்டியிருக்கும் என்று நான் நினைத்தேன். கம்பி நகருமா? நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. கறுப்பாக ஒரு முதுகு மேலே வந்து சுழன்று மறைந்தது. அம்மாடி! அத்தனை பெரிய மீனை நான் மார்க்கெட்டில்கூடப் பார்த்ததில்லை.

கைவலை மாமாவிடம்தான் இருந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, “மாமாவ வலையோட வரச் சொல்லு!” என்றார்.

நான் ஓடினேன். “மாமா, அப்பா வலை கேக்குறார்!”

மாமா வலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனாலும் வைராக்கியம் விடுமா? “எந்தப் பக்கம் எறங்கணும்னு கேளு!”

திரும்ப ஓடினேன். “எந்தப் பக்கம்ப்பா?”

“வேப்பமரத்துப் பக்கம்!”

நான் மறுபடி ஓடி மாமாவிடம் சொல்லி முடிப்பதற்குள் மீன் வேப்பமரத்துப் பக்கத்தை விட்டுக் கம்பிப் பக்கம் திரும்பிவிட்டது. “இப்ப கம்பிப் பக்கம்னு சொல்லு!” என்று அப்பா அலறினார். அந்த அலறல் செருவுக்கே கேட்டது, மாமாவுக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். இருந்தாலும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னால்தான் அது சேதி. எனக்கு மூச்சு வாங்கியது, வார்த்தை வரவில்லை. எதிர்க்கரைப் பெரியவர் எழுந்து நின்று, “அரே, க்யா கர்ரே தும் லோகா!” என்று, என்னதான் செய்கிறோம் என்பது புரியாமல் கத்தினார்.

அப்போதுதான் மாமா உடைந்தார். “நூல விடுய்யா மாப்ளே! இழுக்காத, கம்பியில அறுத்துரும்!”

“விட்டுட்டேன் மச்சான், நீங்க எறங்குங்க!”

ஞாயிற்றுக்கிழமைப் பேண்ட்டோடு இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். “இந்தா, இந்தா, இங்கதான்!” “தலைப்பக்கம் போடுங்க மச்சான்!” “ஒன் காலை எடு மாப்ளே, காலை எடு!” வலை மீனின் மேல் விழுந்த மாதிரிதான் இருந்தது. படக்கென்று ஒரு சத்தம். நூல் அறுந்து தூண்டில் குச்சி நிமிர்ந்துகொண்டது.

இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றார்கள். போச்சு, இனி அடிதடிதான் என்று நான் பயந்தேன். மாமா காலி வலையைச் சுருட்டிக்கொண்டே, “என்ன எடை இருக்கும் மாப்ளே?” என்றார். “ஒங்க கோபத்தவிடக் கொஞ்சம் கம்மி மச்சான்” என்றார் அப்பா. மாமா செருவுத் தண்ணீரை ஒரு கை அள்ளி அப்பாவின் முகத்தில் அடித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய மீனை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் அழுதேன். ஸ்கூட்டரில் வீடு வரைக்கும் அழுதேன். முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஈரப் பேண்ட்டோடு கீர்த்தனை பாடிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். விரால் வந்தது, நூல் அறுந்தது, போதாததற்கு மாமா ஊரே கேட்க அப்பாவைத் திட்டினார் என்று புகாரும் வைத்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“யார்ட்ட திட்டுனாரு? ஒன்ட்ட சொல்லி அனுப்பினாரா?”

“இல்லம்மா, அப்பாகிட்டயேதான்.”

“மாப்ளேன்னா சொன்னாரு?”

“ஹவ்” என்று தலையாட்டினேன்.

“அப்பா என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு.”

“மச்சான், எறங்குங்கன்னார்.”

அம்மா அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். தோளெல்லாம் குலுங்கியது. அவளுக்கு விரால் என்றால் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியாதா? என் அழுகை நின்றே போனது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“அழாதீங்கம்மா. அது செத்துப் போகல, கம்பிக்குள்ளதான் இருக்கு. அடுத்த ஞாயிறு எப்படியும் பிடிச்சிடுவோம்.”

அம்மா முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

“பிடிக்க வேணாம்டி செல்லம். அது நல்லா இருக்கட்டும். அங்கயே கெடக்கட்டும்.”

எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்து, ராத்திரிக்கு எப்போதும் போடுவதைவிட இரண்டு ஆழாக்கு கூடுதலாக அளந்து போட்டாள். மீனும் இல்லை, ஒன்றும் இல்லை, இத்தனை சோற்றை யார் தின்னப் போகிறார்கள் என்று நான் கேட்டேன்.