மேற்குப் பார்த்த ஷெட்

எண்பது அடி நீளம், நாற்பது அடி அகலம், பதினாறு அடி உயரம். அவுரி இலை காயப்போடத்தான் இந்த ஷெட் என்று ஊரில் சொன்னேன், மனைவியிடமும் சொன்னேன். பொய். என் அண்ணன் ஒரு மழை நாளில் அதன் வாசலுக்கு வந்து, "ஏலே, கொஞ்சம் இடம் கொடு" என்று கேட்க வேண்டும். நான் அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் போட்டேன். இலை காய்ந்தது உபரி லாபம்.

எங்களுக்கு சாயர்புரத்துக்குத் தெற்கே செம்மண் விளை. தண்ணீர் கம்மி, காற்று ஜாஸ்தி. அந்த மண்ணில் மனசாட்சியோடு விளைவது அவுரிதான், சாய அவுரி இல்லை, நிலாவரை. வயிற்றைச் சுத்தப்படுத்தும் மருந்துக்காக அந்த இலையைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி எங்கெங்கோ அனுப்புகிறார்கள். உலகத்தின் மலச்சிக்கலை நம்பிப் பிழைக்கிற குடும்பம் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்த இலைக்கு ஒரே ஒரு எதிரி மழை. பறித்துக் களத்தில் பரப்பி ஒரு வாரம் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் பச்சையும் மஞ்சளுமாக மொறுமொறுவென்று நிற்கும். பாதி காய்ந்த இலைமேல் பத்து நிமிடம் மழை விழுந்தால் போதும், கறுத்துப்போகும். கறுத்த இலையை மாடுகூட முகர்ந்து பார்க்காது.

அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை இறங்கினால் களத்தில் கிடப்பது யார் இலை என்று யாரும் கேட்பதில்லை. ரோட்டில் போகிறவன்கூட சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அள்ளுவான். எந்தக் கூரை பக்கத்தில் இருக்கிறதோ அதற்குள் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எதிர்க்கட்சிக்காரன் வீடாக இருந்தாலும் சரிதான்.

அப்பா காலமானதும் பாகம் பிரித்தோம். மேற்கு விளையும் அதிலிருந்த, இலை மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கியும் அண்ணனுக்கு. கிழக்கு விளை எனக்கு. "கிட்டங்கி பேருக்குத்தாம்ல எனக்கு. மழைன்னா நீ பாட்டுக்கு வந்து போடு, கேக்கவே வேண்டாம்" என்று பெரியவர்கள் முன்னால் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். என் அண்ணன் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கோயில் கொடை விழாவில் முன்னால் நிற்பவன், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவன், சாவு வீட்டில் முதலில் பெஞ்சு கொண்டுவந்து போடுபவன். அவனைப் பற்றி நான் இப்படி எழுதுவதை ஊரில் படித்தால் என்னைத்தான் ஏசுவார்கள். ஏசட்டும்.

பிரித்த இரண்டாம் வருடம் மாசி மாதத்தில், வரக்கூடாத காலத்தில் மழை வந்தது. என் களம் நிறைய இலை. பறிக்க வந்திருந்த பெண்கள் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு அள்ளினார்கள். நான் மேற்கே ஓடினேன். கிட்டங்கிக் கதவில் பூட்டு. அண்ணன் அதன் சாய்ப்புக்கு அடியில் நனையாமல் நின்றான்.

"அண்ணே, சாவி."

"சாவி மதனிகிட்ட இருக்குலே. அவ கோயிலுக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

அவன் இடுப்பில், வேட்டி மடிப்புக்கு வெளியே, கறுப்புக் கயிறு தொங்கியது. அந்தக் கயிற்றில்தான் அப்பா காலத்திலிருந்து கிட்டங்கிச் சாவி கிடக்கும். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். அந்தக் கயிற்றை மெதுவாக மடிப்புக்குள் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்து, "மாசியில இப்படிப் பெய்யுதே" என்றான். ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்துகொள்ளவும் வேண்டாம். என் இலை முழுவதும் கறுத்தது. அதை வாரி எருக்குழியில் தள்ளும்போது, அந்தக் கயிற்றைப் பார்த்ததை மனைவியிடம் மட்டும் சொன்னேன். அன்றே ஷெட்டின் நீளத்தை முடிவு செய்துவிட்டேன். அவன் கிட்டங்கி அறுபது அடி.

ஷெட் வேலை தொடங்க நான்கு வருடம் ஆயிற்று. பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எத்தனை படம் வரைந்தேன் என்று சொல்ல முடியாது. தூண் எத்தனை, குழி எத்தனை ஆழம், தகரமா அலுமினியமா. தூத்துக்குடியில் உப்பு வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய் அதன் கூரையைத் தாங்கிய இரும்புக் கைகளை விலை பேசி வாங்கினேன். உப்பு தின்றதுபோக நல்லதாகப் பொறுக்கி எடுத்தேன். எல்லாப் படத்திலும் ஒன்று மட்டும் மாறவே இல்லை. வாசல் மேற்கே. பதினான்கு அடி அகலத்துக்குத் திறந்த வாய், நேராக அண்ணன் களத்தைப் பார்த்து.

கூரை போட வந்த வெல்டர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். காற்றின் பெயர் தெரிந்தவர். வாசலுக்காக நான் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததும் கையிலிருந்த டேப்பைச் சுருட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, வாசல கிழக்க திருப்புங்க."

"மேற்கதான்."

"ஆடி மாசம் கச்சான் காத்து அடிச்சா நேரா வாய்க்குள்ள போயி ஷீட்ட மேல தூக்கும். கடல்ல நாங்க பாக்காத காத்தா? இங்கன யாருமே மேற்க வாசல் வைக்கமாட்டாங்களே."

"தூக்காம போல்ட்ட ரெட்டிப்பா போடுங்க."

"போல்ட்டு போடலாம். மண்ணு வருமே, அத என்ன செய்யுதீய?"

"வந்தா பெருக்கிக்கிடுதேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்த என் அண்ணனைப் பார்த்தார். மறுபடி டேப்பை இழுத்தார்.

ஒன்றரை மாதம் வேலை நடந்தது. செம்மண்ணில் நான்கடிக்குக் குழி தோண்டினால் ஓரம் சரிந்து பாதி மூடிக்கொள்ளும். ஆறடி தோண்டி, அடியில் கல் போட்டுத் தூணை நிறுத்தினோம். இரும்புக் கைகளை கிரேன் தூக்கியபோது பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லா இருக்குலே. கப்பலே கொண்டாந்து விடலாம் போல" என்றான். சிரித்த முகம்தான். எனக்கு உள்ளே எரிந்தது. ஷெட்டைப் பார்த்து அவன் வயிறு எரியவேண்டும் என்றல்லவா இத்தனை பாடு. வாழ்த்திவிட்டுப் போகிறான்.

ஆடி வந்தது. வெல்டர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. கூரை நின்றது, ரெட்டை போல்ட். ஆனால் தேரிக்காட்டுச் செம்மண் மொத்தமும் எனக்காகவே கிளம்பியதுபோல் வாசல் வழியாக உள்ளே வந்து இலைமேல் படுத்துக்கொண்டது. இலை எடுக்க வந்த கம்பெனி ஆள் ஒரு பிடி அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினார். கீழே விழுந்ததைப் பார்த்து, "அண்ணாச்சி, நான் இலை வாங்க வந்தனா, மண்ணு வாங்க வந்தனா?" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. அது இருமலா சிரிப்பா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

வாசலைக் கிழக்கே மாற்றலாம் என்றாள் மனைவி. மாற்றினால் அவன் ஜெயித்ததாக ஆகிவிடாதா? வாசலுக்கு ரோலிங் ஷட்டர் போட்டேன். பதினான்கு அடி ஷட்டர், சங்கிலி பிடித்து இழுத்தால் இடி இடித்ததுபோல் இறங்கும். ஷட்டர் வந்தால் பூட்டு வரும். பூட்டு வந்தால் சாவி வரும். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கட்டி இடுப்பில் போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

அதற்குப் பிறகு நான் மழைக்காகக் காத்திருந்தேன். அவுரி போட்டவன் மழைக்காகக் காத்திருந்ததை யாராவது கேள்விப்பட்டதுண்டா? காலையில் எழுந்ததும் செல்போனில் மேகப் படம் பார்ப்பேன். இலை என் களத்தில் கிடக்கக் கூடாது, அவன் களத்தில் கிடக்க வேண்டும். என் இலையை அன்றன்றைக்கே ஷெட்டுக்குள் பரப்பிவிடுவேன். அவன் கிட்டங்கிக் கூரையோ அந்த வருடம் ஓடு சரிந்து பாதி வெளியாகக் கிடந்தது. கரையான் தின்ற சட்டம். கொத்தனாருக்குச் சொல்லியிருந்தான், ஆள் வரவில்லை. அந்தக் கொத்தனாரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, வேறு ஊரில் கிடைக்கிற வேலையைச் சொல்லி அங்கே அனுப்பிவைத்தேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பங்குனியில் ஒரு மத்தியானம் மேகம் கட்டியது. அண்ணன் களத்தில் மூன்று நாள் காய்ந்த இலை. பறிக்கிற பெண்கள் எங்கள் இருவருக்கும் ஒரே கூட்டம்தான். வாரத்தில் பாதி நாள் அவனுக்கு, பாதி நாள் எனக்கு. அன்று அவனிடம் இருந்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். ஷட்டரை இறக்கினேன். பூட்டினேன். திண்டுபோல் கிடந்த சிமெண்ட் மூட்டைமேல், கூரை விளிம்புக்கு அடியில் உட்கார்ந்தேன். மனைவி என் சாப்பாட்டைக் கொண்டுவந்தவள் பக்கத்தில் நின்றாள். "ஏன் பூட்டுதீய?" என்றாள்.

முதல் துளி தகரத்தில் விழுந்தது. பெண்கள் இலையைச் சாக்கில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை, யாரும் அண்ணனைக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த கூரை என்னுடையது, அவ்வளவுதான். பன்னிரண்டு பேர், வேலியைத் தாண்டி, நேராக என் வாசலுக்கு. முன்னால் வந்தது ஆள் கூட்டிவரும் அக்கா. அண்ணன் களத்திலேயே நின்றான். அவன் வரவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

"அண்ணாச்சி, ஷட்டரத் தூக்குங்க. நனையுது" என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாக, களத்தில் நின்றவனுக்குக் கேட்கும்படி, ஐந்து வருடம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்.

"சாவி அவகிட்ட இருக்கு. அவ கோயிலுக்குப் போயிருக்கா."

மனைவி என் பக்கத்தில் நிற்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெண்கள் பன்னிரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு சாவியும் இல்லக்கா. அந்தா, அவரு இடுப்புல தொங்குது" என்றாள்.

அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. மழை கொட்டியது. எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன். அண்ணன் முகம் அத்தனை தூரத்திலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு எண்பதடி என்ன, நூறடிகூடப் போட்டிருப்பேன். அக்கா என்னை ஏறஇறங்கப் பார்த்துவிட்டுத் தலைச்சுமையை என் வாசலிலேயே இறக்கினாள். மற்றவர்களும் இறக்கினார்கள். மழையில் நடந்தே ரோட்டுக்குப் போனார்கள், ஓடவில்லை.

மறுநாள் என் முறை. யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வாசலில் கிடந்த சாக்குகள் புளித்து நாறின. மேல்காற்று அந்த நாற்றத்தை நேராக ஷெட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. மனைவி சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. விளையில் பறிக்காத இலை பழுத்து உதிரத் தொடங்கியது. அண்ணன்தான் ஆட்களைக் கலைத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஆறாம் நாள் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஆள் வரலியே அக்கா."

"வரமாட்டாவ."

"எங்க அண்ணன் என்ன சொல்லி வச்சிருக்கான்? நீங்க சொல்லுங்க, நான் கேக்குதேன்."

"அவரு ஒண்ணும் சொல்லல." கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "ஒங்களுக்கு மூட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அண்ணன் மூட்டை. அதுக்குக் கீழ எங்க தலை இருந்துச்சு அண்ணாச்சி. அந்த மாசி மழையில ஒங்க இலைய அள்ளுனதும் இதே தலைதான்."

அவனும்தானே அன்று பூட்டினான் என்று சொன்னேன். சின்னப் பிள்ளை சொல்வதுபோல் எனக்கே கேட்டது.

"அவரும் சாவிய இடுப்புல வச்சிக்கிட்டேதான் நின்னாருன்னு ஒங்க வீட்டம்மா இப்ப சொல்லித்தான் தெரியும். சாவி இல்லன்னு அன்னைக்கு நம்பிட்டோம்." நிமிர்ந்தாள். "நேத்து ஒங்க அண்ணனும் வந்தாரு. இதே இடத்துலதான் நின்னாரு. அவருக்கும் வரமாட்டோம்னுட்டோம். நாங்க எல்லாரும் நாளையிலேர்ந்து உப்பளத்துக்குப் போறோம்."

என் இலை உதிர்ந்துகொண்டிருந்தது. ஷெட்டில் புதிதாக ஒரு கூடைகூடக் கிடையாது. வீட்டில் ஒருத்தி என்னோடு பேசுவதில்லை. இந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுகூட அந்த நிமிடம் தோன்றியிருக்க வேண்டும். அதெல்லாம் தோன்றவில்லை. அவனும் நேற்று இங்கே நின்றான், அவனையும் திருப்பி அனுப்பினார்கள் என்பது மட்டும்தான் காதில் நின்றது. அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று இருந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"சிரிக்கீயளா அண்ணாச்சி?" என்றாள்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.