மெயினை இறக்கிய வீட்டில் கேமரா

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து நான் ஓர் ஊரில் ஒழுங்காக இருந்தவனில்லை. சூரத்தில் சாயப்பட்டறை, மும்பையில் ஓட்டல், பிறகு குவைத்தில் டிரைவர் வேலை. இப்போது மன்னார்குடிக்குப் பக்கத்தில் சொந்த வீடு இருக்கிறது. ஆனாலும் அறுவடை மிஷினோடு ஆந்திரா பக்கம் போவேன், லாரிக்கு மாற்று டிரைவராகப் போவேன். என் மனைவி எங்கும் போனதில்லை. ஒரே ஒரு முறை, தங்கை கல்யாணத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் ஒரு ராத்திரி தங்கினாள். திரும்பி வந்தபோது கேஸ் சிலிண்டரும் பித்தளை அண்டாவும் இரண்டு மூட்டை விதை நெல்லும் போயிருந்தன. அதோடு சரி.

இதில் ஒரு வேண்டுதல் மாட்டிக்கொண்டிருந்தது. குவைத்தில் முதலாளி என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் இழுத்தடித்தார். அப்போது அவள், நான் ஊர் வந்து சேர்ந்தால் நாகூர் தர்காவில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி தங்குவதாக வேண்டிக்கொண்டாள். நான் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. வேண்டுதல் அப்படியே கிடந்தது. மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டை யாரிடம் விடுவது?

"கேமரா வச்சா வருவியா?" என்று கேட்டேன்.

"போற எடத்துலேருந்து பாக்கலாம்னா வர்றேன்."

மன்னார்குடியில் கேமரா விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போட்டுப் பதியலாம். வீட்டைச் சுற்றி நாலு கேமரா மாட்டி, ஒரு பெட்டியில் சேர்த்து ஹார்ட் டிஸ்கில் பதியலாம், நெட் இருந்தால் போனிலும் பார்க்கலாம். இல்லையென்றால் மாதச் சந்தா கட்டினால் கம்பெனியே தன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும்.

"கார்டு கேமராக்குள்ள இருந்தா, திருடன் கேமராவையே கழட்டிட்டுப் போயிட்டா?" என்றாள் அவள்.

"போச்சுக்கா."

"அவன் மூஞ்சியை அவன்கிட்டயே குடுத்து அனுப்புற மாதிரில்ல இருக்கு. அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"அது எங்கயோ இருக்குங்கக்கா."

"நான் கொல்லையில பாத்திரம் கழுவுறது எங்கயோ எதுக்கு இருக்கணும்?"

"யாரும் பாக்க மாட்டாங்க, லட்சம் வீடு அதுல இருக்கு."

"லட்சம் வீட்டையும் பாக்குறானா அவன்!"

கடைசியில் பெட்டி என்று முடிவாயிற்று. கடைக்காரர் அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "டிவியை எடுக்க வர்றவன் பெட்டியை விட்டுட்டா போவான்?" என்று அவள் விதை நெல் வைக்கும் உள்ளறைப் பரணில் வைக்கச் சொன்னாள். "அக்கா நம்ம கடைக்கே வேலைக்கு வந்துடலாம்" என்று அவர் சிரித்தார். கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் வேண்டுமா என்று கேட்டதற்கு, நான்தான் பெரிய மனுஷனாக, "இப்பல்லாம் அவ்வளவா கரண்ட் போறதில்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

கேமராவெல்லாம் மாட்டியானதும், நாகூர் போக வைத்திருந்த வியாழக்கிழமைக்கு முதல் நாளே ஃபிரிட்ஜைக் காலி பண்ணித் துடைத்து, கதவைத் திறந்து வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். பஸ் கூத்தாநல்லூர் தாண்டியதும் போனைக் காட்டச் சொன்னாள். நாலு கட்டமும் கறுப்பு.

"ஒயரை வெட்டிட்டானுங்க."

"கரண்ட் போயிருக்கும், சும்மா இரு."

அவள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டாள். "இங்க ஃபேன் ஓடுதே" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அதன் பிறகு அவளைப் பஸ்ஸில் உட்கார வைக்க முடியவில்லை. திருவாரூரில் இறங்கி, தர்காவில் ஓத வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

பூட்டு பூட்டினபடி இருந்தது. உள்ளே போய் சுவிட்சைத் தட்டினேன், லைட் எரியவில்லை. போர்டைப் பார்த்தால் மெயின் இறக்கியிருந்தது.

"யாரு இறக்குனா?"

"நான்தான். ஊருக்குப் போனா இறக்க மாட்டாங்களா?"

எங்கள் பக்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் செய்கிற காரியம்தான். திருடன் முகத்திலிருந்து கம்பெனிக்காரன் கண்வரை எல்லாவற்றையும் யோசித்த எங்களுக்கு, இது ஒன்று தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. எதையும் வெளியே விடவில்லை, காரணம் இருக்கிறது. முன்பு நாங்கள் கூரை வீட்டில் இருந்தோம். அவள் கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது ஒயரில் தீப்பிடித்து வீடு முழுக்க எரிந்துவிட்டது. உடுத்தியிருந்த புடவையும் கையில் இருந்த மண்ணெண்ணெய் கேனும் மிச்சம். நான் சூரத்தில் இருந்தேன். எனக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும்.

மறுநாள் மறுபடி கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டுக் கடைக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மெயினை மட்டும் இறக்காதீங்கக்கா, போதும்."

"இறக்காம போனா எனக்கு அங்க தூக்கம் வராது தம்பி."

"அவ இறக்கட்டும்" என்றேன் நான். "இறக்கினாலும் ஓடுற மாதிரி எதாவது இருந்தா குடுங்க."

இருந்தது. வெயிலில் சார்ஜ் ஏறும் கேமரா, உள்ளே சிம்மும் மெமரி கார்டும். ஆள் நடமாடினால் உடனே படம் போனுக்கு வந்துவிடும். "அப்ப அவன் கழட்டிட்டுப் போனாலும் மூஞ்சி நம்மகிட்ட இருக்கும்" என்று அவளே கணக்குச் சொன்னாள். பெட்டியையும் பழைய கேமராக்களையும் அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில் மாட்டினோம்.

அடுத்த வியாழக்கிழமை மெயினை இறக்கினாள், பூட்டினாள், நாகூர் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் தர்காவில் சர்க்கரை ஓதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, ஜனங்களோடு ஜனங்களாகத் துண்டை விரித்து உட்கார்ந்தோம். போனைப் பார்த்தாள். கொல்லையில் பக்கத்து வீட்டுக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. பிறகு காலையில் பதிவானதைப் போடச் சொன்னாள். அதில் அவள் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், நாலடி போய்விட்டு வந்து இழுக்கிறாள், மறுபடி வந்து இழுக்கிறாள். நான் ரோட்டில் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நிற்கிறேன்.

"ஒரு தடவையாவது திரும்பிப் பாக்குறீங்களா பாருங்க."

"அதான் நீ மூணு தடவை பாத்துட்டியே."

"ஆமா, எப்பவும் நான்தானே பாக்கணும்" என்று போனை என் பையில் போட்டாள்.

விடிந்ததும் கடற்கரைக்கு நடந்தோம். கட்டுமரத்தை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். போனைக் கேட்கவில்லை.

"ஏங்க, இங்கேருந்து வேளாங்கண்ணி கிட்டதானே?" என்றாள்.